இடது பின்கதவு

ஏமாந்தவங்க எங்கம்மா. ஏமாத்தினவர் அவங்க கூடப் பிறந்த தம்பி. அடிபட்ட காரை, ஒரு கீறல்கூட விழாத கார்னு சொல்லி எங்க தலையில கட்டிட்டார். அவ்வளவுதான்க்கா விஷயம். மூணே வாக்கியம். இதை எங்க வீட்ல யாராவது ஒருத்தர் வாயால சொல்ல வைக்க நான் படுற பாடு இருக்கே, அதை மூணு வாக்கியத்துல சொல்ல முடியாது.

நல்லா உள்ள தள்ளி உட்காருங்க, இது மூணு பேர் சீட்டுதான். ஜன்னலோரம் சாஞ்சு தூங்குறாங்களே, இவங்கதான் அம்மா. திருமங்கலத்துல ஏறினதும் கண்ணை மூடினாங்க, கல்லுப்பட்டி தாண்டியாச்சு, இன்னும் திறக்கலை. நாங்க ராஜபாளையம் போறோம், மாமா வீட்டுக்கு. விருந்துக்கு இல்ல. நீங்க எதுவரைக்கும்? கிருஷ்ணன்கோயிலா? அப்ப நேரம் இருக்கு.

பையில என்னன்னுதானே அப்போலேருந்து பார்க்கிறீங்க? காட்டுறேன். துண்டை மெதுவா விலக்குங்க. கைப்பிடிதான். காரோட கதவுக் கைப்பிடி. தொட்டுப் பாருங்க, நகம் படாம. பிளாஸ்டிக்னு சொல்ல முடியுதா? கம்பெனியில வந்தப்போ இது கறுப்பு. இப்ப மெரூன். அடிச்சது நான். எங்க வீட்டு மொட்டை மாடியில, கொசுவலைக்குள்ள உட்கார்ந்து.

எதுக்குன்னு கேளுங்க. எங்க கார் மெரூன் கலர். ஆனா விலை குறைஞ்ச மாடல் வாங்கினா உடம்பு மட்டும்தான் மெரூன். கதவுக் கைப்பிடி, பக்கத்துக் கண்ணாடியோட மூடி, கதவு மேல ஓடுற பட்டை எல்லாம் வெறும் கறுப்பு பிளாஸ்டிக். மேல் மாடல் வாங்கினவனுக்குத்தான் கைப்பிடியும் காரோட கலர்ல வரும். தூரத்துல வரும்போதே யார் எந்த மாடல்னு தெரியணும்ல, அதுக்கு. ஒரு காருக்குள்ள சாதி பிரிச்சு வச்சிருக்காங்க. நான் எம்.ஏ. சமூகவியல் படிக்கிறேன், இதை வச்சே ஒரு கட்டுரை எழுதலாம்னு இருந்தேன். அதுக்குள்ளதான் எங்க வீட்டுக் கதை வேற மாதிரி திரும்பிடுச்சு.

எங்க அண்ணன் மதிவாணனுக்கு ஆவணி முதல் முகூர்த்தத்துல கல்யாணம். பொண்ணு வீட்டு வாசல்ல கறுப்புக் கைப்பிடி வண்டியிலயா போய் இறங்குறதுன்னு அவனுக்கு ஒரே வருத்தம். ஒர்க்‌ஷாப்ல கேட்டான். கல்யாணத்துக்குள்ள முடியாதுன்னுட்டாங்க. நான் பண்றேன்னு சொன்னேன். சிரிச்சான். "உனக்கு வாயடிக்கத் தெரியும், பெயின்ட் அடிக்கத் தெரியாது"ன்னான். அந்த ஒரு வார்த்தைக்காகப் பண்ணினேன்க்கா. இல்லன்னா மேல் மாடல், கீழ் மாடல்ங்கிற அந்தப் புத்திக்கு நான் எதுக்குத் துணை போகணும்?

அப்பா ஹார்டுவேர் கடை வச்சிருக்கார். உப்புத்தாள், தின்னர், பிரைமர் எல்லாம் கடையிலேயே எடுத்துக்கிட்டேன். கலர் மட்டும் மதுரையில கலந்து ஸ்ப்ரே டப்பாவுல அடைச்சுக் குடுத்தாங்க. அதுக்கு ஒரு நம்பர் உண்டு. பானெட்டைத் திறந்தா உள்ள ஒரு தகடு இருக்கும், அதுல அந்தக் காரோட கலர் நம்பர் பொறிச்சிருப்பாங்க. அதைச் சொன்னா கம்பெனியில அடிச்ச அதே மெரூனைக் கலந்து குடுத்துடுவாங்க. இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னால வேணும்.

முதல் தடவை அடிச்சது வீணாப் போச்சு. பெயின்ட் ஒட்டாம விலகி விலகிக் குழி விழுது, ரசத்து மேல எண்ணெய் மிதக்கிற மாதிரி. என்னன்னு பார்த்தா எங்கப்பா வேலை. வெள்ளிக்கிழமை தவறாம காருக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார். அப்படியே, கறுப்பு பிளாஸ்டிக் வெளுத்துத் தெரியுதேன்னு தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவிடுவார். வாங்கின நாள்லேருந்து. "இது என்ன தலைமுடியாப்பா?"ன்னு கேட்டேன். "பளபளன்னு இருந்துச்சா இல்லையா, அதைச் சொல்லு"ன்னார். கடை திறக்கப் போற வரைக்கும் வாசல்ல நின்னு விவாதம் பண்ணினோம். நான்தான் ஜெயிச்சேன். திரும்பி வந்து பார்த்தா, அம்மா கிணத்தடியில உட்கார்ந்து, வெந்நீரும் பாத்திர சோப்பும் வச்சுக்கிட்டு, பழைய பல் பிரஷ்ஷால கைப்பிடி ஒவ்வொண்ணையும் இடுக்கு இடுக்கா தேய்ச்சுக்கிட்டு இருக்காங்க. பாவம், அவங்களுக்குத் தெரிஞ்ச உதவி அதுதான்.

அப்புறம் உப்புத்தாளைத் தண்ணியில நனைச்சு, மினுமினுப்பு போற வரைக்கும் தேய்ச்சேன். தின்னர்ல துடைச்சேன். பிளாஸ்டிக்குன்னே ஒரு பிரைமர் இருக்கு, அதை அடிச்சுக் காயவிட்டேன். ஆடிக் காத்து உங்களுக்குத் தெரியாதா, மாடியில நின்னா வாயெல்லாம் மண். அதான் கொசுவலையைக் கொடிக் கம்பியில கட்டி, உள்ள கைப்பிடி எல்லாத்தையும் கம்பியில மாட்டித் தொங்கவிட்டு, மெல்லிசா ஒரு பூச்சு, காயவிட்டு மறுபடி ஒரு பூச்சுன்னு அடிச்சேன். மூக்கைத் துண்டால கட்டிக்கிட்டு. கடைசியா மேல மினுக்குப் பூச்சு. அண்ணனே வந்து பார்த்துட்டு ஒண்ணும் பேசாம இறங்கிப் போனான். அவன் ஒண்ணும் பேசலைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்.

அம்மா மட்டும் மாடிப்படியில உட்கார்ந்து ஒரு கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "கலர் எல்லாக் கதவுக்கும் சரியா வருமா பாப்பா?"ன்னு கேட்டாங்க. வரும்மான்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி, "எல்லாக் கதவுக்கும் ஒரே கலர்தானா, கதவுக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் மாத்தி அடிக்க முடியாதா?" எப்படி இருக்கு பாருங்க. ஒரு காருக்குக் கதவுக்கு ஒரு கலரா அடிப்பாங்க? "கம்பெனி நம்பர்மா, அது பொய் சொல்லாது"ன்னேன். எந்திரிச்சுக் கீழ போயிட்டாங்க. என் வேலை மேல நம்பிக்கை இல்லைன்னு எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஞாயித்துக்கிழமை காலையில மாட்டினேன். வலது பக்கம் முன்கதவு, பின்கதவு ரெண்டும் கதவோட கூடப் பிறந்த மாதிரி பொருந்திடுச்சு. இடது முன்கதவு, அதுவும் அப்படித்தான். இடது பின்கதவுல மாட்டிட்டு ரெண்டடி பின்னால வந்து நிமிர்ந்து பார்க்கிறேன். கைப்பிடி தனியா நிக்குது.

நிழல்ல தெரியாதுக்கா. வண்டியை வெயில்ல தள்ளி நிறுத்தினா தெரியும். கைப்பிடி பீட்ரூட். கதவு தக்காளித் தொக்கு. அதே டப்பா, அதே கை, அதே கொசுவலை. மூணு கதவுக்குச் சரியா இருக்கிற கலர் நாலாவது கதவுக்கு மட்டும் எப்படித் தப்பாகும்? கைப்பிடியைக் கழட்டி முன்கதவுல மாட்டினேன், பொருந்துச்சு. முன்கதவோடதைக் கொண்டுவந்து பின்கதவுல மாட்டினேன், பொருந்தலை. அப்ப தப்பு கைப்பிடியில இல்ல. கதவுல.

அண்ணனைக் கூப்பிட்டேன். கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்ச்சு, "எங்க, எனக்கு ஒண்ணும் தெரியலையே"ன்னான். அவனுக்குக் கைப்பிடி மெரூனாயிடுச்சு, அது போதும். "கல்யாண வண்டி மேல பூமாலை தொங்கும், எவன் குனிஞ்சு பார்க்கப்போறான்"னான். நான் விடலை. கதவைச் சுத்தி இருக்கிற ரப்பர்ப் பட்டையை மெதுவா நெம்பித் தூக்கினேன். அடியில பார்த்தா, கோடு போட்ட மாதிரி ஒரு விளிம்பு. விளிம்புக்கு அந்தப் பக்கம் பழைய மெரூன், இந்தப் பக்கம் புது மெரூன். பேப்பர் ஒட்டி மறைச்சுட்டு, கதவை மட்டும் மறுபடி பெயின்ட் பண்ணியிருக்காங்க. சும்மா இருக்கிற கதவுக்கு யாராவது பெயின்ட் அடிப்பாங்களா? அடிபட்டிருக்கு. நல்லாவே அடிபட்டிருக்கு.

இந்த வண்டியை மாமாகிட்டேருந்து வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது. தனுஷ்கோடி மாமா. அப்ப அவரும் திருமங்கலத்துலதான் இருந்தார், எங்க தெருவுக்கு அடுத்த தெரு. சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணித் தறி போட்டதும் ராஜபாளையத்துக்குக் குடி போனார். தறிக்குச் சரக்கு வண்டி வேணும்னு காரைக் குடுக்க முடிவு பண்ணினார். வெளியில குடுக்காம, "நம்ம வீட்டுலயே இருக்கட்டும்க்கா"ன்னு எங்ககிட்டயே வந்து நின்னார். எங்க வீட்டு ஹால்ல, அப்பா முன்னாடி, அம்மா முன்னாடி, என் முன்னாடி சொன்னார்: "மச்சான், கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க. ஒரு கீறல்கூட விழாத வண்டி." நான் என் காதால கேட்டது. அம்மா அப்ப காபித் தட்டோட நின்னுக்கிட்டு இருந்தாங்க. தம்பியையே பார்த்தாங்க. எவ்வளவு நம்பிக்கையா பார்த்தாங்க தெரியுமா? அந்தப் பார்வையை நினைச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது.

இருங்க, சொல்லி முடிச்சுடுறேன். என்ன கேட்டீங்க? அம்மா என்ன சொல்றாங்கன்னா? அதுக்குத்தான் வர்றேன்.

படத்தோட மாமாவுக்கு வாட்ஸப் பண்ணினேன். கூப்பிட்டார். "வெயில்ல மங்கியிருக்கும் மருமகளே"ன்னார். வெயில் கூரையையும் பானெட்டையும் விட்டுட்டு, இடது பின்கதவை மட்டும் தேடி வந்து மங்க வைக்குமா மாமான்னு கேட்டேன். ரப்பருக்கு அடியில விளிம்பு இருக்கேன்னேன். அடிபட்ட வண்டியை அடிபடலைன்னு சொன்னீங்களா இல்லையா, ஆமாவா இல்லையா, ஒரே வார்த்தைன்னேன். பல்கலைக்கழகப் பேச்சுப் போட்டியில எதிரணியை நான் இப்படித்தான் மடக்குவேன். அதுக்கு என்ன சொன்னார் தெரியுமா? "உங்கம்மாகிட்ட கேளு."

எவ்வளவு கோழைத்தனம் பாருங்க. ஏமாத்தினது இவர், பதில் சொல்ல வேண்டியது ஏமாந்தவங்களாம்.

இன்னொரு ஆதாரமும் இருக்கு. மாமா நல்ல உயரம், வாசல்ல குனிஞ்சுதான் வருவார். வண்டியை எங்ககிட்ட விட்ட அன்னிக்கு டிரைவர் சீட்டு எப்படி இருந்துச்சு தெரியுமா? ஸ்டியரிங்கை ஒட்டி முன்னால இழுத்து, முதுகுக்கு ஒரு குஷன் வேற. அப்பா உட்காரப் போய் முழங்கால் இடிச்சுக்கிட்டார். அப்ப நான் யோசிக்கலை. இப்பத்தான் புரியுது, வண்டியை யாரோ ஒரு குள்ளமான டிரைவர்கிட்ட வாடகைக்கு விட்டிருக்கார். அவன்தான் எங்கேயோ கொண்டுபோய் இடிச்சிருக்கான். இதையும் மாமாகிட்ட கேட்டேன். "குள்ளமான டிரைவரா"ன்னு சிரிச்சார். அந்த நேரத்துலயும் சிரிக்கிறார்க்கா. குஷன் உறையைப் பார்த்தா அம்மா தைச்சுக் குடுத்தது மாதிரி இருந்துச்சு. அக்கா ஆசையா தைச்சுக் குடுத்த உறையை எவனோ முதுகுக்கு வைக்கக் குடுத்திருக்கார், அதையாவது யோசிச்சாரா?

அம்மாகிட்ட சொன்னேன்க்கா, சொல்லாம இருப்பேனா? அன்னிக்கே சமையல்கட்டுல போய் நின்னு, எல்லாத்தையும் வரிசையா எடுத்து வச்சேன். கைப்பிடி, வெயில், ரப்பர், விளிம்பு, சீட்டு. அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தாங்க. "உன் தம்பி உன்னை ஏமாத்தினாரா இல்லையா, சொல்லும்மா"ன்னேன். நறுக்கினதையே திரும்ப நறுக்குறாங்க. "விட்டுடு பாப்பா"ன்னாங்க. விடுறதுக்கு இது என்ன என் விஷயமா, உன் விஷயம்மான்னேன். "பாப்பா, நான் என்ன சொல்றேன்னா"ன்னு ஆரம்பிச்சாங்க. எனக்குத் தெரியும், என்ன வரும்னு. ரத்த பாசம், ஒரே தம்பி, கல்யாண நேரம். நான் சொல்லிட்டேன், நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா, உனக்காகப் பேச நான் இருக்கேன்னு. அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "அப்பா காதுக்கு மட்டும் போகக்கூடாது"ன்னாங்க. பிடிச்ச கையை விடவே இல்ல. ஏமாத்தின தம்பிக்காக இவங்க கெஞ்சுறாங்க.

எங்கம்மா மாதிரி பொம்பளைங்களை இப்படித்தான் ஆக்கி வச்சிருக்கு நம்ம சமூகம். கல்யாணமான புதுசுல அம்மா மொபெட் ஓட்டக் கத்துக்கணும்னு கேட்டாங்களாம். அப்பா சிரிச்சாராம். சும்மா இல்ல, எதிர்வீட்டு ஆளையெல்லாம் கூப்பிட்டு, "இவ வண்டி ஓட்டப் போறாளாம், எல்லாரும் திண்ணைக் கம்பத்தையெல்லாம் உள்ள எடுத்து வச்சுக்கங்க"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாராம். அத்தை சொல்லித்தான் எனக்கே தெரியும். அம்மா அதுக்கப்புறம் எதையுமே கேட்டதில்ல. கேட்டு நான் பார்த்ததில்ல.

நான் அப்படி விடலை. கார் வந்த உடனே, நானும் ஓட்டுவேன்னு நின்னேன். ஒரு வண்டிக்கு ஒரு ஆள்தான், கை மாறினா கெட்டுடும்னார் அப்பா. எந்த விஞ்ஞானம் சொல்லுதுன்னு கேட்டேன். சண்டை போட்டு, சாப்பிடாம இருந்து, எல் போர்டு வாங்கினேன். அம்மா வழியிலயும் சரி, அப்பா வழியிலயும் சரி, எங்க குடும்பத்துல ஸ்டியரிங் பிடிச்ச முதல் பொண்ணு நான்தான். இதைப் பெருமைக்குச் சொல்லலை, நிலைமை எப்படின்னு சொல்றேன்.

அம்மாவுக்கு நான் ஓட்டுறதுல சந்தோஷமான்னா, பயம்தான். நான் வண்டியை உள்ள விடும்போதெல்லாம் கேட்கிட்ட வந்து நின்னுக்குவாங்க. "இப்பவே ஒடிக்காத பாப்பா. முன்பக்கம் தாண்டினாலும் பின்பக்கம் உள்ள வாங்கும். தூணைத் தாண்டவிட்டு ஒடி." ஒவ்வொரு தடவையும் இதே. எனக்கு எரிச்சல் வரும். "ஓட்டத் தெரியாதவங்க வழி சொல்லக்கூடாதும்மா"ன்னு ஒருநாள் சொல்லிட்டேன். யூடியூப்ல ஏதாவது பார்த்திருப்பாங்க. அதுக்கப்புறம் சொல்றதில்ல. வந்து மட்டும் நிப்பாங்க, தூணுக்கும் வண்டிக்கும் நடுவுல.

அம்மாவுக்குன்னு இருந்தது ஒண்ணே ஒண்ணு, வியாழக்கிழமை சாய்பாபா கோயில். மாமா திருமங்கலத்துல இருந்தப்போ அவர்தான் கார்ல கூட்டிட்டுப் போவார். தம்பி கூட்டிட்டுப் போறான்னு அம்மா மத்தியானமே தலை சீவித் தயாராயிடுவாங்க. அப்படி ஒரு முகத்தை வேற எந்த நாளும் பார்க்க முடியாது. நான் அதுக்கும் கேட்டிருக்கேன், கோயில்ல அப்படி என்னம்மா சாயங்காலம் முழுக்கன்னு. ஒரு வியாழக்கிழமை நெத்தி வீங்கி வந்து நிக்கிறாங்க. என்னம்மான்னா, "தூண்ல முட்டிக்கிட்டேன்"னாங்க. அப்பா, "கண்ணை மூடிக்கிட்டு சாமி கும்பிட்டா அப்படித்தான்"னார். மாமா வாசலோட போயிட்டார், உள்ளகூட வரலை. கூட்டத்துல கூடப் பிறந்தவளைப் பத்திரமா பார்த்துக்கக்கூட முடியலை அவரால. அப்பவே அவரைப் பத்தி எனக்கு ஒரு அபிப்பிராயம் வந்துடுச்சு. மாமா குடி போனதும் கோயிலும் நின்னு போச்சு. பஸ்ல போகலாமேம்மான்னா, "பஸ்ல போய் என்ன பண்றது"ன்னுட்டாங்க. பக்தியையும் தம்பியோட பொட்டலம் கட்டி அனுப்பிட்டாங்க.

கண்டக்டர் எதுக்கு இப்படிக் கத்துறார்? அழகாபுரிதானே. உங்க ஊருக்கு இன்னும் இருக்கு.

இப்ப நிலைமை இதுதான்க்கா. நேத்து மாமாகிட்ட கடைசியா சொல்லிட்டேன். நாளைக்கு நானும் அம்மாவும் வர்றோம். அம்மா முகத்தைப் பார்த்து, ஏமாத்தினேன்னு ஒரு வார்த்தை ஒத்துக்கங்க. காசு வேண்டாம், கதவு வேண்டாம். ஒத்துக்கிட்டா அந்த வார்த்தை அந்த வீட்டோட நிக்கும். ஒத்துக்கலைன்னா அப்பாகிட்ட சொல்லுவேன். தாய்மாமன்னு மாலையோட மணமேடையில வந்து நிக்கிறப்போ, எல்லார் முன்னாடியும் இந்தக் கைப்பிடியைக் காட்டிக் கேப்பேன். அண்ணனுக்கு முதல் மாலை தாய்மாமன்தான் போடணும். பொய் சொன்ன கையால போடக்கூடாதுன்னு சொல்லுவேன். சொல்லக்கூடியவதான் நான், அவருக்கும் தெரியும்.

அதுக்கு அவர் கோபப்பட்டிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். கோபப்படலை. "நான் கல்யாணத்துக்கு வராம இருந்துட்டா இது இதோட முடிஞ்சிடுமா மருமகளே?"ன்னு கேட்டார். சாதாரணமா, பஸ் எத்தனை மணிக்குன்னு கேக்கிற மாதிரி. "உங்கம்மாகிட்ட சொல்லிடு, நான் வரலைன்னு. அவங்க புரிஞ்சுக்குவாங்க"ன்னு வச்சுட்டார். அதாவது, கல்யாணத்துக்கே வராம இருந்தாலும் இருப்பார், ஒத்துக்க மட்டும் மாட்டார். இப்படி ஒரு பிடிவாதத்தை நீங்க பார்த்திருக்கீங்களா?

அம்மாகிட்ட அப்படியே சொன்னேன். தம்பி வரலையாம்மா. அம்மா உட்கார்ந்திருந்த இடத்துலேருந்து எந்திரிச்சாங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. பீரோவைத் திறந்து நல்ல சேலையா ஒண்ணு எடுத்து வெளிய வச்சாங்க. "காலையில முதல் பஸ்ஸுக்குப் போவோம்"னாங்க. எத்தனையோ நாளா என் பின்னாடி வராதவங்க, முதல் தடவையா என் பக்கம் வந்து நின்னாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. காலையில கிளம்பும்போது, கார்ல போகலாமான்னு அண்ணன் கேட்டான். நான் முடியாதுன்னுட்டேன், பொய்யில உட்கார்ந்துக்கிட்டு நியாயம் கேக்கப் போறதா? அம்மா ஒரு நிமிஷம் சாவியையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம் செருப்பைப் போட்டுட்டாங்க.

என்னக்கா? சொல்லுங்க. இல்ல இல்ல, குறுக்க பேசலை, சொல்லுங்க.

யாரு ஓட்டும்போது இடிச்சதுன்னு கேட்டியான்னா?

அதான் சொன்னேனே, குள்ளமான டிரைவர். அவன் பேரு என்ன, ஊரு என்னன்னா எனக்கு எப்படித் தெரியும்? அதுவா முக்கியம்? யார் ஓட்டினா என்ன, பொய் சொன்னது மாமாதானே? நீங்க எதுக்கு எங்கம்மாவையே பார்க்கிறீங்க? அவங்க தூங்குறாங்க.

ஏன் சிரிக்கிறீங்க? இதுல சிரிக்க என்ன இருக்கு?

சரி, விடுங்க. நியாயமான கேள்விதான். நான் கேட்டிருக்கணும், மறந்துட்டேன், ஒத்துக்கிறேன். விவாதத்துல ஒரு ஓட்டை இருக்குன்னா அதை அடைச்சிட்டுத்தான் போகணும். மாமா வாசல்ல போய் முழிக்கக்கூடாது. இருங்க, அம்மாவுக்குத் தெரிஞ்சாலும் தெரிஞ்சிருக்கும், அந்த டிரைவர் எப்பவாவது மாமா வீட்டுப் பக்கம் வந்திருப்பான்.

அம்மா. அம்மா, எந்திரி. கிருஷ்ணன்கோயில் வரப்போகுது, இவங்க இறங்கணும். என்னம்மா, கண்ணு ரெண்டும் இப்படிச் சிவந்து கிடக்கு? தூங்கவே இல்லையா நீ? கல்லுப்பட்டியிலேருந்து கேட்டுக்கிட்டேதான் வந்தியா? கையை எடும்மா, கைப்பிடி மேல ரேகை விழும். சரி, வச்சுக்கோ. நான் இனிமே பேசலை. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு, இந்த அக்கா கேக்கிறாங்க. அந்தக் கதவை இடிச்சப்போ வண்டியை ஓட்டினது யாரு? உன் தம்பியா, இல்ல வேற ஆளா? சொல்லும்மா. இந்தத் தடவை நான் குறுக்க பேசமாட்டேன்.

"கோயில்ல இல்ல பாப்பா, பூட்டிக் கிடக்குதே பஞ்சு ஜின்னிங் மில்லு, அது கேட்ல. வியாழக்கிழமை நாங்க போனதெல்லாம் அங்கதான். அன்னிக்குத் தூண்ல முட்டினது என் தலை மட்டும் இல்ல, அந்தக் கதவும்தான். உங்க அப்பாகிட்ட சொல்லாதடான்னு நான்தான் அவன்கிட்ட சத்தியம் வாங்கினேன். வண்டியை ஓட்டினது நான்."